முறப்பநாட்டுக்குக் கீழே: தாமிரபரணிக் கரை நடையின் மறுபாதி

பாபநாசத்திலிருந்து கடல் வரை தாமிரபரணிக் கரையோடு நடந்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பலர் திருநெல்வேலி வந்ததும் நடையை முடித்துக்கொள்கிறார்கள். "அதுக்குக் கீழ என்ன இருக்கு? வாழையும் உடங்காடும்தான்" (உடைமுள் காட்டைத்தான் அப்படிச் சொல்வது) என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். பாதி சரி, பாதி தப்பு. வண்ணார்பேட்டையிலிருந்து முறப்பநாடு வரையுள்ள துண்டு ஏமாற்றத்தான் செய்யும். அதைத் தயங்காமல் பேருந்தில் தாண்டிவிடலாம். முறப்பநாட்டிலிருந்து புன்னைக்காயல் வரையுள்ள மிச்சம் மூன்று நாள் நடைக்கு நன்றாகவே தாங்கும். ஆனால் எந்தக் கரையில், எந்த மாதத்தில், எதன் மேல் நடக்கிறோம் என்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும். மேல் பாதியில் இந்தக் கவலை குறைவு. ஏனோதானோ என்று போனாலும் மலை கைகொடுத்துவிடும்.

இந்த நடைக்கு யாரும் பலகை நட்டு வைக்கவில்லை. இருக்கும் ஒரே அடையாள வரிசை நவகைலாயம்தான். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைகள் ஒதுங்கிய இடங்கள் என்பது தலபுராணம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். எண்ணிப் பாருங்கள், முறப்பநாடு சரியாக நடுவில் வருகிறது. இப்போது எல்லோரும் வேன் பிடித்து ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிடுகிறார்கள். ஆறு அந்த வேகத்தில் ஓடுவதில்லை.

முதலில் மேல் பாதியைப் பற்றி ஒரு வார்த்தை. பொதிகை, காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில், பாணதீர்த்தம் என்று பெயர் பெற்ற இடங்கள் எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. சோதனைச் சாவடியைத் தாண்டி இஷ்டத்துக்கு நடந்து போக முடியாது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்மலை உச்சிக்கு முறையான நடைப்பயணம் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, அந்த வனத்துறையின் அனுமதியோடுதான். ஆகவே புகழ்பெற்ற அந்தப் பகுதியில் நடப்பதைவிட வண்டிச் சன்னல் வழியே பார்ப்பதுதான் அதிகம். நிஜமான நல்ல நடை பாபநாசத்துக்குக் கீழே தொடங்குகிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டி, கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூர் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. அங்கே கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகள் அடைவதால் 2005லேயே அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஆற்றோட்டத்தோடு கிழக்கே நடக்கிறவருக்கு மலை முழுக்க முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். மலையைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆசைப்படுகிறவர்கள் சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே ஏறி நடப்பது மேல்.

திருநெல்வேலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 47 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடல் அறுபது கிலோமீட்டர் போல. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை. அதனால்தான் ஆறு அகன்று, மணல் போட்டு, சோம்பலாகப் போகிறது. பாறையும் சலசலப்பும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம் உறுதி. இங்கே பார்க்க வேண்டியது தண்ணீரை மனிதன் எப்படிப் பங்கு போட்டிருக்கிறான் என்பதை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். முதல் ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் காலத்தில் எழுந்தது. கீழ்ப்பாதியில் வருவது கடைசி இரண்டு. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரைதான் நமக்கு நடைபாதை.

கீழ்ப்பாதியை நடந்துவிட்டுச் சலித்துக்கொள்கிறவர்கள் அநேகமாகத் திருச்செந்தூர் தார்ச்சாலையைப் பிடித்து நடந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஆறும் அந்தச் சாலையும் ஒன்றையொன்று ஒட்டிப் போவதுபோல வரைபடத்தில் தெரியும். நடக்கும்போது ஆறு கண்ணிலேயே படாது. லாரிப் புகையும், பத்து மணிக்கு மேல் தாரிலிருந்து எழும் வெக்கையும்தான் மிஞ்சும். ஆற்றின் கரையையே விடாப்பிடியாகப் பிடித்து நடப்பதும் சரியான மாற்று இல்லை. கரை சில இடங்களில் உடைந்திருக்கும், சில இடங்களில் சீமைக்கருவேலம் மண்டி வழி அடைந்து கிடக்கும். கால்வாய்க் கரை அப்படி இல்லை. பாசனத்துக்கு ஆட்கள் தினமும் போய்வருவதால் தடம் தேய்ந்திருக்கும், டிராக்டர் போகும் அகலம் இருக்கும், பனையும் புளியும் தென்னையும் நிழல் தரும். எங்கெல்லாம் கால்வாய்க் கரை உண்டோ அங்கெல்லாம் அதில் நட. இல்லாத இடத்தில் ஆற்றங்கரை. இரண்டும் இல்லையென்றால் மட்டும் தார். வயல் வரப்பு கணக்கில் வராது. பூட்ஸ் காலால் மிதித்தால் நனைந்த வரப்பு இடிந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், விவசாயி சத்தம் போடுவது நியாயம்தான்.

நேரக் கணக்கையும் இதை வைத்தே போட வேண்டும். தாரில் மணிக்கு 4 கி.மீ. போகிறவர் கால்வாய்க் கரையில் 3 போவார், ஆற்று மணலில் 2 போனாலே பெரிது. மணலில் நடப்பது படத்துக்கு அழகு. ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் கெஞ்சும், காலணிக்குள் புகுந்த மணல் சாக்ஸோடு சேர்ந்து அரைத்து மத்தியானத்துக்குள் குதிகாலில் கொப்புளம் கிளப்பிவிடும்.

மாதம். தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து பங்குனி முதல் பாதி வரைதான் சரியான காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கால்வாயில் பிசானம் என்னும் நெற்பருவத்துக்கான தண்ணீர் ஓடும், குளங்கள் நிரம்பியிருக்கும். மாசி பங்குனியில் பிசான அறுவடை நடப்பதால் கரைப்பாதையில் அறுவடை இயந்திரமும் வைக்கோல் வண்டியும் எதிர்ப்படும், ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். அவ்வளவுதான் தொந்தரவு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் கரை நடை வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்தக் கீழ்ப்பாதி முழுவதும் வெள்ளத்தில் கிடந்தது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது ஊருக்கே தெரியும். அதன் விளைவு நடக்கிறவருக்கும் உண்டு. அப்போது உடைந்த கரைகள் பல பிறகு புதுமண் போட்டு மூடப்பட்டவை. செயற்கைக்கோள் படத்தில் பாதை தொடர்ச்சியாகத் தெரிந்தாலும் தரையில் அப்படியே இருக்கும் என்று நம்பக்கூடாது. சித்திரை, வைகாசியில் கால்வாய் காய்ந்துவிடும், வெயில் தாங்காது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகைத் தள்ளும். கிழக்கே நடப்பவருக்கு அது லாபம்தான், ஆனால் கண்ணில் புழுதி விழும்.

முதல் நாள், முறப்பநாட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம். நெல்லையிலிருந்து தூத்துக்குடிப் பேருந்தில் வந்து இறங்கலாம். கைலாசநாதர் கோயில் படித்துறையில் முகம் கழுவிவிட்டு விடியும் முன்பே கிளம்பிவிட வேண்டும். தை மாதத்தில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். எழுந்த பிறகு ஒன்பது மணி வரை நேராகக் கண்ணில் அடிக்கும். முழு நடையும் கிழக்கு நோக்கி என்பதால் நெற்றிக்கு விளிம்பு வைத்த தொப்பி இல்லாமல் வருவது வீண் வம்பு. வடக்கே தெரியும் பொட்டல் குன்றுகள் வல்லநாடு வெளிமான் சரணாலயம். 1987இல் அறிவிக்கப்பட்டது, பதினாறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இதுதான். அது தனியாக ஒரு காலைப் பொழுதுக்கான வேலை, இந்த நடையோடு சேர்த்தால் இரண்டும் கெடும்.

தென்கரை பிடித்துக் கீழே வந்தால் மருதூர் அணைக்கட்டு. மூன்று நாள் நடையில் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார நேரம் என்றால் இங்கே உட்காரலாம். வளைந்து நீண்டு கிடக்கும் கல்லணை. அதன் மேல் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல வழியும் நாளில் வந்தால் பாபநாசத்து அருவிக் கூட்டத்தில் இடிபட்டதற்கெல்லாம் ஈடு கிடைத்துவிடும். அணையின் மேல் நடந்து குறுக்கே போகும் ஆசை வரும். வேண்டாம். பாசி படிந்த கல், வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது. அணைக்குக் கீழே நீர் விழுந்து தோண்டிய மடு இருக்கும், ஆழம் மேலிருந்து தெரியாது. இங்கிருந்து மேலக்கால், கீழக்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. ஆற்றுக்கு அருகில் போகும் கரையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஊர்களும் ஆறும் இரண்டும் எட்டும் தூரத்தில் இருக்கும்.

கரை எங்கே அறுந்திருக்கிறது என்பதை வரைபடத்தைவிட வயலில் நிற்பவர் நன்றாகச் சொல்வார். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். "ஸ்ரீவைகுண்டம் எவ்வளவு தூரம்?" என்றால் "இந்தா, பக்கத்துலதான்" என்று வரும், அந்தப் பக்கம் ஒன்பது கிலோமீட்டராக இருக்கலாம். "அண்ணாச்சி, இந்தக் கரையவே பிடிச்சிப் போனா கருங்குளம் போயிரலாமா, நடுவுல உடைஞ்சி கிடக்கா?" என்று கேட்டால் "போயிரலாம், அந்தா தெரியுதுல்லா ரெண்டு பனை, அதுக்கிட்ட மடை உடைஞ்சிருக்கு, எறங்கி வயக்காட்டுப் பக்கமா சுத்திப் போங்க" என்று காரியத்துக்கு உதவும் பதில் கிடைக்கும். மடை சிறியதென்றால் கல்லில் கால் வைத்துத் தாண்டலாம். காட்டோடை கால்வாயை வெட்டும் இடங்களில்தான் சுற்று விழும். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளவும்.

கருங்குளத்தில் வகுளகிரி என்று ஒரு சின்னக் குன்று, மேலே வெங்கடாசலபதி கோயில். மூலவர் இரண்டு சந்தனக் கட்டைகள். கீழ்ப்பாதி முழுவதிலும் உயரம் என்று சொல்ல இருக்கும் ஒரே இடம் இது. ஆறும் கால்வாயும் குளமும் வாழையும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன என்பது மேலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் புரியும். பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் ஏறிவிட வேண்டும்.

அடுத்தது ஆதிச்சநல்லூர். தாழியில் இறந்தவரை வைத்துப் புதைத்த பரம்பு, நூறு ஏக்கருக்கு மேல். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. இப்போது தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், தாழிகளை இருந்த இடத்திலேயே குனிந்து பார்க்கலாம். வெறும் செம்மண் மேடு என்று தாண்டிப் போகிறவர்களும் உண்டு. எதிர்க்கரையில் கொங்கராயகுறிச்சி. இங்கிருந்து புதுக்குடி வரை நிழல் குறைவு, மூன்று மணிக்கு மேல் நடப்பது நல்லது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் இருப்பது தென்கரைப் புதுக்குடியில். ஊரும் கோயில்களும் ஆற்றைத் தாண்டி வடகரையில். அணைக்கட்டுப் பாலத்தில் கடந்தால் தங்கும் விடுதியும் இட்லிக் கடையும் உண்டு. மொத்தம் சுமார் 18 கி.மீ., சுற்றுகளோடு இருபதைத் தொடும்.

இரண்டாம் நாள் லேசானது. மறுபடி தென்கரைக்கு வந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கரைக் கால்வாயான தென்காலை ஒட்டி ஆழ்வார்திருநகரி, அங்கிருந்து தென்திருப்பேரை, பிறகு குரங்கணி, பாலம் தாண்டி ஏரல். பதினைந்து கி.மீ. அளவில் முடியும். வழியெல்லாம் வாழை. தண்ணீர் பாய்ச்சிய நாளில் தோட்டத்துக் குறுக்குப் பாதை களிமண்ணாகி, காலணியோடு கிலோ கணக்கில் சேறு ஒட்டும். குறுக்கே போக ஆசைப்படாமல் கரையிலேயே வரவும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கலாம். குளத்துப் பறவைகளில் ஆர்வம் உள்ளவர்கள் தென்திருப்பேரையிலிருந்து கடம்பாகுளம் பக்கம் சற்று விலகிப் போனால் தை, மாசியில் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா எல்லாம் கிடைக்கும். வடகரை வழியை விரும்பினால் நத்தம், திருப்புளிங்குடி, இரட்டைத் திருப்பதி என்று வரலாம். அழகில் குறையில்லை, நிழல்தான் குறைச்சல். வைகாசியில் ஒன்பது கருட சேவை நடக்கும் நாட்களில் ஆழ்வார்திருநகரியில் தங்க இடம் கேட்காதீர்கள். தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூர் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். சாலையோரப் பந்தல்களில் தண்ணீரும் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கும், அமைதி கிடைக்காது.

மூன்றாம் நாள் ஏரலிலிருந்து கடல். இருபது கி.மீ. போல வரும். இங்கே தவறுவது தண்ணீரில்தான். கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் உப்பேறும், குழாயில் வருவதையெல்லாம் வாயில் வைக்க முடியாது. ஏரலிலேயே ஆளுக்கு 3 லிட்டர் நிரப்பிக்கொண்டு, ஆத்தூரில் மறுபடி நிரப்ப வேண்டும். வடகரையில் வாழவல்லான், உமரிக்காடு தாண்டினால் கொற்கை. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்கி, இப்போது கடலைவிட்டு உள்ளே தள்ளி, நெல்லும் வாழையும் விளையும் கிராமம். குளக்கரையில் வெற்றிவேல் அம்மன் கோயில், ஊருக்குள் வயதான வன்னி மரம். துறைமுகத்தின் சுவடு தேடி வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. காலுக்குக் கீழே உள்ள மண்ணே ஒரு காலத்தில் இல்லை என்று தெரிந்து நடக்கிறவருக்குப் போதுமானது.

முக்காணியில் பெரிய பாலம் தாண்டி ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்கள் இந்த ஊரின் பேர். 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. கேட்டால் அநேகமாக உள்ளே விடுவார்கள். பிறகு சேர்ந்தபூமங்கலம், ஒன்பதாவது கைலாயம். அதற்குப் பின் புன்னைக்காயல் வரை தார்ச்சாலை. நிழல் கிடையாது, உப்புக் காற்று, இருபுறமும் பொட்டல். இந்தக் கடைசித் துண்டு நிஜமாகவே அலுப்பு. மத்தியானத்தில் மாட்டிக்கொண்டால் ஆத்தூரிலிருந்து பேருந்து ஏறுவதில் ஒரு இழுக்கும் இல்லை.

பையில் என்ன வைக்கலாம் என்றால், ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். கூடாரம் தேவையில்லை, தினமும் ஊர் வந்துவிடுகிறது. தடித்த அடிப்பாகம் உள்ள காலணி அவசியம், சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். முள் எடுக்க ஒரு இடுக்கி, மாற்றிக்கொள்ள மூன்று ஜோடி சாக்ஸ், தொடை உரசலுக்கு வாஸ்லின், கைக்கு அடக்கமாகக் கொஞ்சம் கருப்பட்டியும் பொரிகடலையும். டார்ச் கட்டாயம். பொழுது சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்னும் கரைகளில் கண்ணாடி விரியனும் நல்லபாம்பும் நடமாடும், நெல் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் அவை. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழைக்க வேண்டும். நல்ல வேளையாக இந்தப் பாதியில் பெரும்பாலும் சிக்னல் இருக்கும், முண்டந்துறைக்குள் அது கிடையாது.

ஆற்றில் இறங்குவதைப் பற்றி: முழங்கால் அளவு தெளிந்த தண்ணீர் என்று நம்பி நடுவே போகக் கூடாது. மணல் அள்ளிய பழைய குழிகள் திடீரென்று ஆளை முழுங்கும் ஆழத்தில் இருக்கும், அமலைச் செடி (ஆகாயத்தாமரை) மூடிய இடத்தில் எதுவும் தெரியாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் குளிக்கவும். நெல்லை நகரத்துக்குக் கீழே வரும் தண்ணீரில் கழிவுநீரும் கலக்கிறது, ஆகவே அது குடிக்க உதவாது. தொடக்கத்தில் சொன்ன அந்த வண்ணார்பேட்டை முறப்பநாடு துண்டைத் தாண்டிவிடச் சொன்னதும் இதனால்தான். 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தை நின்று பார்க்கலாம், குறுக்குத்துறை முருகனைக் கும்பிடலாம். அதற்குக் கீழே நாற்றமும் முள்ளும் மாறி மாறி வரும். சீவலப்பேரியில் சிற்றாறு கலக்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் தனியாகப் பேருந்தில் போய்வரலாம்.

நடுவில் முடியாமல் போனால் கவலையில்லை. தென்கரையில் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று திருச்செந்தூர் ரயில் பாதை கூடவே வருகிறது. ஏரலிலிருந்து நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் பேருந்து உண்டு. புன்னைக்காயலில் ஆறு கிளை பிரிந்து கடலுக்குள் போவதால் கரையில் நின்றால் முகத்துவாரம் முழுதாகத் தெரியாது. படகுக்காரர்களிடம் பேசிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போய்ச் சேராதபடி நாள் கணக்குப் போடுங்கள். அன்று கடலுக்குப் போகமாட்டார்கள், கரையில் மீன் இருக்காது. இரவு தங்கத் திருச்செந்தூர் போய்விடுவது சுலபம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை ஆத்தூரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளவும்.